மருத்துவப் பாடம்: ஆண்கள் மறைத்து வைக்கும் வீக்கம்



இந்த இதழில் நாங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் வியாதிக்காக யாரும் சபையில் ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுப்பதில்லை. கால் முறிந்தால் சொல்வார்கள். சர்க்கரை கூடினால் சொல்வார்கள். நெஞ்சு வலித்தால் தெருவே அறியும். விரைப்பையில் நீர் கோத்துக்கொண்டால் மட்டும், பெற்ற மகனுக்கும் உடன்பிறந்தவனுக்கும் தெரியாமல் வருடக்கணக்கில் வேட்டிக்குள் மறைத்து வைத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் வெளிநோயாளர் பிரிவில் இது வாரந்தோறும் நடக்கிறது. ஒருவர் முதுகு வலி என்று சீட்டு வாங்குவார். டாக்டர் முதுகைப் பார்த்து மாத்திரை எழுதி, அடுத்தவரைக் கூப்பிட மணியில் கை வைக்கும்போது, அவர் கதவருகே நின்று, "இன்னொன்று சொல்லணும் ஐயா" என்பார். அந்த "இன்னொன்று" பத்து வருடத்துக்குப் பழையதாக இருக்கும். பக்கத்தில் ஒரு சிஸ்டர் நின்றால் அதையும் சொல்லாமலே போய்விடுவார்.

ஆகவே கூச்சத்தைச் சற்று ஒதுக்கிவைத்து இந்தப் பாடத்தை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். சகோதரிகளும் வாசியுங்கள். சொல்லப்போனால் நீங்கள் வாசிப்பதுதான் அதிகப் பயன். வீட்டு ஆண்களை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு வருவது பெரும்பாலும் நீங்கள்தானே.

நீர் எங்கே தேங்குகிறது?

ஒவ்வொரு விரையையும் இரண்டு மடிப்புள்ள மெல்லிய சவ்வு ஒன்று சுற்றியிருக்கிறது. அந்த இரு மடிப்புக்கும் நடுவே சில சொட்டு நீர் எப்போதும் உண்டு. விரை உராயாமல் வழுக்கி அசைவதற்காக இந்த ஏற்பாடு. நீரைச் சுரப்பதும் அந்தச் சவ்வுதான், திரும்ப உறிஞ்சிக்கொள்வதும் அதுதான். சுரப்பது கூடினாலும் உறிஞ்சுவது குறைந்தாலும் நீர் சேர்ந்துகொண்டே போகும். அந்தப் பகுதியின் நிணநீர்க் குழாய்கள் கெட்டுப்போனாலும் அப்படியே. வடிகால் அடைத்துக்கொண்டால் வயலில் தண்ணீர் நிற்பது டெல்டாவில் உள்ளவர்களுக்கு நாங்கள் விளக்கவேண்டியதில்லை.

இதை டாக்டர்கள் ஹைட்ரோசீல் என்பார்கள். விரைவீக்கம் என்று எழுதுகிறோம். ஊரில் ஓதம், அண்டவாயு, விரைவாதம் என்று பல பேர். அதில் வாயுவும் இல்லை, வாதமும் இல்லை. வெளிர் மஞ்சள் நிறத்தில் தெளிந்த நீர், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். இது ஒழுக்கக்கேட்டால் வருகிற வியாதியல்ல. வாலிபத்தில் செய்த ஏதோ ஒரு தவறுக்குத் தண்டனை என்று மனதுக்குள் புழுங்கிக்கொண்டு வருகிறவர்கள் எங்களிடம் அநேகர். தொட்டால் ஒட்டாது, மனைவிக்கும் தொற்றாது. அரைஞாண் கயிறு கட்டாததால் வருவதுமில்லை, கட்டியதால் போவதுமில்லை.

குழந்தைகளுக்கு வருவது வேறு

கருவில் இருக்கும்போது ஆண் குழந்தையின் விரை வயிற்றுக்குள்தான் உருவாகிறது. பிறகு அது கீழே இறங்கும்போது வயிற்றின் உள் சவ்வும் ஒரு குழாய்போல் கூடவே இறங்கும். விரை இறங்கியபின் அந்தக் குழாய் மூடிக்கொள்ளவேண்டும். மூடத் தாமதமானால் வயிற்றிலுள்ள நீர் கசிந்து விரைப்பைக்கு வரும். பச்சைக் குழந்தைகளுக்கு இது சாதாரணமாகக் காணப்படுவது. காலையில் சிறிதாகவும், நாள் முழுவதும் விளையாடி மாலையில் பெரிதாகவும் இருந்தால், அந்தக் குழாய் இன்னும் திறந்திருக்கிறது என்று பொருள்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்று அல்லது இரண்டு வயதுக்குள் தானாகவே மூடி, வீக்கம் மறைந்துவிடும். பாட்டிமார்கள் பற்றுப் போட்டு குணமானதாகச் சொல்வதில் பாதி இந்தக் கணக்கில் சேர்ந்தது. கழற்சிக்காயை அரைத்துத் தடவினாலும் தடவாவிட்டாலும் அது போகிற காலத்தில் போயிருக்கும். ஆனால் குழந்தையின் தோல் மெல்லியது, வெந்துபோன தோலோடு வருகிற குழந்தைகளையும் பார்க்கிறோம். ஆகவே பற்று வேண்டாம். ஊசி குத்தி நீர் எடுப்பது எந்தக் குழந்தைக்கும் கூடாது. இரண்டு வயது தாண்டியும் வீக்கம் இருந்தால் ஆபரேஷன் செய்யவேண்டும். அது விரைப்பையில் அல்ல, அடிவயிற்று மடிப்பில் சிறிதாகக் கீறி அந்தக் குழாயைக் கட்டிவிடுவது.

தாய்மார் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அழும்போதும் முக்கும்போதும் தொடைமடிப்பில் புடைத்து, படுக்கவைத்தால் உள்ளே போய்விடும் வீக்கம் நீர் அல்ல, குடலிறக்கம். அதற்கு இரண்டு வயது வரை காத்திருக்கக்கூடாது, டாக்டர் சொல்லும் நாளில் சீக்கிரமே ஆபரேஷன் செய்துவிடவேண்டும். அந்த வீக்கம் கல்போல் கெட்டியாகி, குழந்தை விடாமல் அழுது வாந்தியெடுத்தால், விடியட்டும் என்று பார்க்காமல் அந்த நேரமே கிளம்புங்கள். உள்ளே குடல் சிக்கிக்கொண்டிருக்கிறது.

கொசுவும் புழுவும்

பெரியவர்களுக்கு அடிபட்டதால் வரலாம், விரையில் சீழ்க்காய்ச்சல் வந்ததால் வரலாம், ஹெர்னியா ஆபரேஷனுக்குப் பின் வரலாம், காரணமே தெரியாமலும் வரலாம். ஆனால் நம் மாநிலத்தின் கடலோர மாவட்டங்களிலும் காவிரிப் பாசனப் பகுதியிலும் இதற்குப் பெரிய காரணம் யானைக்கால் நோயை உண்டாக்கும் அதே புழுதான். யானைக்கால் என்றவுடன் எல்லாரும் காலை மட்டும் பார்க்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், இந்தப் புழுவால் விரைவீக்கம் கொண்ட ஆண்கள் உலகில் 2 கோடியே 50 லட்சம் பேர். கால் வீங்கியவர்களோ ஏறத்தாழ 1 கோடியே 50 லட்சம் பேர். கால் வெளியே தெரிகிறது, இது தெரிவதில்லை.

சொல்லப்போனால் இந்தப் புழுவின் குஞ்சுகளை மனிதன் முதலில் கண்டதே விரைவீக்க நீரில்தான். 1863-ல் பாரிஸ் நகரத்தில் டெமார்க்கே என்ற அறுவை மருத்துவர், ஹவானாவிலிருந்து வந்த ஒரு வியாதியஸ்தரின் வீக்கத்திலிருந்து எடுத்த நீரில் அவை நெளிவதைப் பார்த்தார். 1877-ல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பணிசெய்த பாட்ரிக் மான்சன் என்ற மருத்துவர், அவை கொசுவின் உடலுக்குள் வளர்வதைக் கண்டறிந்தார். ஒரு வியாதியைக் கொசு சுமக்கிறது என்று உலகம் அறிந்தது அப்போதுதான்.

நம் ஊரில் இதைச் சுமப்பது க்யூலெக்ஸ் என்ற கொசு. சாக்கடையும் மூடாத கழிவுநீர்த் தொட்டியும் அதற்குத் தொட்டில். இரவில் கடிக்கும். புழுவின் குஞ்சுகளும் இரவில்தான் இரத்தத்தில் மிதந்து வெளி நாளங்களுக்கு வரும். அதனால்தான் சுகாதாரத் துறையினர் இரவு பத்து மணிக்குமேல் வீட்டுக் கதவைத் தட்டி விரலில் இரத்தம் எடுத்தார்கள். நாய்கள் குரைக்க, தூக்கக் கலக்கத்தில் வசை வாங்கிக்கொண்டு அந்த வேலையைச் செய்தவர்களுக்கு நம் மாவட்டங்கள் கடன்பட்டிருக்கின்றன. இப்போது எந்த நேரத்திலும் செய்யக்கூடிய அட்டைப் பரிசோதனை வந்துவிட்டது.

வருடத்துக்கு ஒருமுறை ஊர் முழுவதற்கும் டி.இ.சி. மாத்திரை கொடுக்கும் முறை 1996-ல் கடலூர் மாவட்டத்தில் தொடங்கியது. 2004 முதல் நோய் பரவியிருந்த மாவட்டங்களுக்கு நாடெங்கும் அது விரிந்தது. பின்னர் அல்பெண்டசோல் மாத்திரையும் சேர்ந்தது. இலங்கையில் இந்த நோய் இனி ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் அறிவித்தது. இங்கேயும் சிறுபிள்ளைகளிடம் புதிய தொற்று வெகுவாகக் குறைந்திருக்கிறது.

இந்த நல்ல செய்திக்குள் ஒரு சங்கடமும் இருக்கிறது. மாத்திரை இரத்தத்திலுள்ள குஞ்சுகளை அழிக்கும், அடுத்த வீட்டுக்குப் பரவாமல் தடுக்கும். பல வருடமாகத் தேங்கிப்போன நீரை அது வடியவைக்காது. சிறுவயதில் நுழைந்த புழு நடுவயதில்தான் வீக்கமாகத் தெரியும். புழு செத்து வருடங்கள் ஆனாலும் குழாய்கள் பழுதுபட்டது பழுதுபட்டதே. ஆகவே "பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களே" என்று வருகிறவருக்கும் வீக்கம் இருக்கத்தான் செய்கிறது. திட்டம் வெற்றி பெற்றபின் மிஞ்சிய வியாதியஸ்தர்கள் இவர்கள். எந்தக் கணக்கிலும் ஏறாமல் இருப்பவர்களும் இவர்களே.

எப்போது பொறுக்கலாம், எப்போது கூடாது?

டாக்டர் செய்யும் முதல் பரிசோதனை மிக எளிது. அறையை இருட்டாக்கி வீக்கத்தின் பின்னால் டார்ச் விளக்கைப் பிடிப்பார். தெளிந்த நீர் என்றால் சிவந்த ஒளி ஊடுருவித் தெரியும். குடலோ கட்டியோ என்றால் பெரும்பாலும் தெரியாது. பழைய வீக்கங்களில் பையின் சுவர் தடித்துவிடுவதால் ஒளி போகாமலும் இருக்கும். அதனால் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது. நீருக்குள் இருக்கும் விரை நன்றாயிருக்கிறதா என்பதுதான் ஸ்கேனில் நாங்கள் தேடுவது.

விரை நன்றாயிருந்து, வீக்கம் சிறிதாக, வலியின்றி, வேலைக்கு இடைஞ்சலில்லாமல் இருந்தால் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. இறுக்கமான உள்ளாடையோ லங்கோடோ கட்டிக்கொண்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை காட்டிவந்தால் போதும். எழுபது வயதில் எலுமிச்சை அளவு வீக்கத்தோடு வருகிற பெரியவரை நாங்கள் ஆபரேஷன் டேபிளில் ஏற்றுவதில்லை. நீர் பிரியும் மாத்திரை இதற்குக் கேட்காது, அதைக் கடையில் வாங்கி விழுங்கவேண்டாம்.

கனத்து இழுத்தால், நடையோ சைக்கிளோ வேலையோ கெட்டால், தோல் உரசிப் புண்ணானால், சிறுநீர் சரியாகப் போகாமல் தோலில் வழிந்தால், தாம்பத்தியத்துக்குத் தடையானால், ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும். வீக்கம் தொடர்ந்து பெரிதாகிறது என்று தெரிந்தால் மிகப் பெரிதாகும்வரை காத்திருப்பதில் எந்த லாபமும் இல்லை. சிறிதாக இருக்கும்போது ஆபரேஷனும் சிறிது, காயமும் சீக்கிரம் ஆறும்.

வலியில்லாத கெட்டியான கட்டி விரையிலேயே தட்டுப்பட்டால் அது வேறு விஷயம். விரையில் வரும் புற்றுநோய் பதினைந்து வயதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருப்பவர்களையே அதிகம் பிடிக்கிறது. சில வேளை அதைச் சுற்றி நீரும் கோத்து அதை மறைத்துவிடும். ஆரம்பத்தில் வந்தால் குணமாக்கக்கூடிய புற்றுநோய்களில் இது முன்வரிசையில் நிற்கிறது. அதனால்தான் வாலிபனுக்குப் புதிதாக நீர் கோத்தால் ஸ்கேன் இல்லாமல் நாங்கள் அனுப்புவதில்லை.

எல்லாவற்றிலும் அவசரமானது திடீர் வலி. நீர் தேங்குவது மாதக்கணக்கில் மெல்ல நடக்கும், வலி பெரிதாக இராது. தூங்குகிற பையன் நள்ளிரவில் ஒரு பக்கத்து விரையைப் பிடித்துக்கொண்டு துடித்து எழுந்து வாந்தியெடுத்தால், விரை தன் காம்பிலேயே முறுக்கிக்கொண்டது என்று எண்ணவேண்டும். இரத்தம் போகிற வழி அடைபட்டுவிடும். ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து முறுக்கைப் பிரித்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். ஒரு நாள் கழிந்தால் பெரும்பாலும் எடுத்துவிட நேரிடும். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதில்தான் இது அதிகம். அந்த வயதில்தான் கூச்சமும் அதிகம். பள்ளி விடுதியொன்றில் தங்கிப் படித்த பதினாலு வயதுப் பையன், இரவு பத்து மணிக்கு வந்த வலியை யாரிடமும் சொல்லாமல் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்து, மறுநாள் பிற்பகல் எங்களிடம் வந்து சேர்ந்தான். ஒரு விரையை எடுத்துவிட வேண்டியதாயிற்று. மற்றதை முறுக்காதபடி தைத்து நிறுத்தினோம். ஒன்று இருந்தாலே பிள்ளை பெறலாம் என்று அவனுடைய அப்பாவுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னோம். என்றாலும் "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா" என்று அந்த மனிதர் வராந்தாவில் நின்று திரும்பத்திரும்பச் சொன்னது வார்டு முழுக்கக் கேட்டது. விடுதிக் காப்பாளர்களாக இருக்கும் நம் வாசகர்கள் இந்தப் பாராவை மட்டுமாவது பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஊசியால் நீர் எடுப்பது

இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதவேண்டியிருக்கிறது. ஊசி போட்டு நீரை உறிஞ்சினால் பத்து நிமிடத்தில் வீக்கம் போய்விடும். செலவும் குறைவு, அன்றைக்கே வேலைக்குப் போகலாம். அதனால்தான் அது விலைபோகிறது. ஆனால் நீரைச் சுரக்கிற சவ்வு அப்படியே இருக்கிறது. சில வாரத்தில், மிஞ்சினால் சில மாதத்தில், மறுபடி நிரம்பும். ஒவ்வொரு தடவையும் கிருமி நுழையலாம், இரத்தக் குழாயில் குத்தி உள்ளே இரத்தம் கட்டலாம். குடலிறக்கத்தை நீர் என்று நினைத்துக் குத்தினால் குடலில் ஓட்டை விழும். கட்டி மறைந்திருந்தால் புற்றணுக்கள் பரவ வழியாகும். ஆபரேஷனைத் தாங்கமாட்டார் என்று உறுதியாகத் தெரிந்த முதியவருக்குக் கொஞ்ச நாள் ஆறுதலாக இருக்கட்டும் என்று, மறுபடி நிரம்பும் என்பதைச் சொல்லிவிட்டே நாங்கள் ஊசி எடுக்கிறோம்.

கும்பகோணம் பக்கத்துப் பட்டு நெசவாளர் ஒருவர், நாற்பத்தாறு வயது, ஐந்து முறை வெளியிடத்தில் நீர் எடுத்தபின் எங்களிடம் வந்தார். ஐந்தாம் முறை சீழ் பிடித்துக் காய்ச்சல் கண்டிருந்தது. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார முடியாமல் இரண்டு வருடமாக ஒருக்களித்தே நெய்திருக்கிறார். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் கழியவில்லை. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எதிரில் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை, மரியாதை தெரியாத மனுஷன் என்று பேராகிவிட்டது. எழுந்திருந்தால் வேட்டி காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம். முதலில் பத்து நாள் சீழை ஆற்றி, சர்க்கரையை இறக்கி, பிறகு ஆபரேஷன் செய்தோம். பை தோல்போல் தடித்திருந்தது. உள்ளே ஒன்றரை லிட்டர் இருந்தது.

ஆபரேஷனில் என்ன செய்கிறோம்?

"காயடித்துவிடுவீர்களா?" என்று நேராகவே கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்பவர்களை நாங்கள் பாராட்டுகிறோம், கேளாமல் எழுந்து போகிறவர்களே அதிகம். 1975–77 நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாயக் குடும்பக் கட்டுப்பாட்டுக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, இடுப்புக்குக் கீழே கத்தி என்றாலே அந்த நினைவுதான். விரையை எடுப்பதில்லை. விந்துக் குழாயை வெட்டுவதுமில்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, விரைப்பையில் சிறிதாகக் கீறி, நீரை வடித்து, அந்தச் சவ்வுப் பையைத் தலையணை உறையைப் புரட்டுவதுபோல் உட்புறம் வெளியே வரும்படி புரட்டி விரைக்குப் பின்னால் தைத்துவிடுகிறோம். இனி சுரக்கும் நீரைச் சுற்றியுள்ள திசுக்கள் உறிஞ்சிக்கொள்ளும். புழுவால் பை தடித்துப்போயிருந்தால் புரட்டுவது போதாது, பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்குகிறோம். நல்ல முறையில் செய்தால் திரும்ப வருவது அபூர்வம்.

பிறகு ஓரிரு நாள் படுக்கை, பையைத் தாங்கிப் பிடிக்கும் கட்டு. அந்தக் காலத்துக் கோவணம் இந்த வேலையை அழகாகச் செய்தது. இன்றைய தொளதொளப்பான உள்ளாடை செய்வதில்லை. வீட்டுக்குப் போனபின் சில வாரங்களுக்கு உள்ளே கெட்டியாகப் பந்துபோல் இருக்கும். வியாதி திரும்பிவிட்டது என்று கலங்கவேண்டாம், மெல்ல இறங்கும். முதல் இரவில் வேகமாக வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, சீழ் கசிந்தாலோ உடனே வரவேண்டும். ஒரு மாதத்துக்கு மூட்டை தூக்கக்கூடாது, சைக்கிள் மிதிக்கக்கூடாது.

அந்த ஒரு மாதம்தான் பிரச்சினை. அரசு ஆஸ்பத்திரியில் இந்த ஆபரேஷனுக்குப் பணம் வாங்குவதில்லை, எங்களிடமும் முடியாதவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் கூலிக்காரர் வரமாட்டேன் என்கிறார். ஆபரேஷன் இலவசம், அடுப்பு எரிவது இலவசமல்ல. நீங்கள் அனுப்பும் காணிக்கையிலிருந்து நூலும் மருந்தும் போக ஒரு பகுதியை, இப்படிப்பட்டவர்களின் வீட்டுக்கு நாலு வாரத்து அரிசி, பருப்பு, பஸ் செலவு என்று நாங்கள் கொடுப்பது இதற்காகத்தான். நெசவாளருக்கும் அதுவே வழியாயிற்று. ஆறாவது வாரம் அவர் நேராக உட்கார்ந்து பாவு பூட்டினார்.

சபைகளில் ஆண்கள் ஐக்கியக் கூட்டமோ வாலிபர் கூட்டமோ நடக்கும்போது இந்தப் பக்கத்தை உரக்க வாசிக்கச் சம்மதிக்கும் போதகருக்கு நாங்கள் நன்றியுள்ளவர்களாயிருப்போம். அழைத்தால் எங்கள் ஆண் நர்ஸ் ஒருவர் வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்வார். கேள்விகளைப் பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் வாங்கிக்கொள்ளுங்கள், அப்போதுதான் வருகின்றன. நேரில் வருகிறவர்கள் சீட்டு வாங்குமிடத்தில் "ஆண் நர்ஸைப் பார்க்கவேண்டும்" என்று சொன்னால் போதும். முதுகு வலி என்று சொல்லவேண்டியதில்லை. சீட்டில் வேறெதுவும் எழுதமாட்டோம்.